நோய் மறைந்த பின்னரும் மருந்து

குழந்தைகளைப் பீடிக்கும் கொடிய நோய்களுள் லூக்கேமியா எனப்படும் வெண்குருதி நோய்க்கு விசித்திரமான இயல்பு ஒன்று உண்டு. அது மறையும், ஆயினும் போய்விடாது. நான்கைந்து கிழமை மருந்துண்ட பிள்ளையின் முகத்திலே இரத்தம் ஊறுகின்றது, காய்ச்சல் தணிகின்றது, தோலிற் படர்ந்திருந்த நீலத் தழும்புகள் அகலுகின்றன, பசி எடுக்கின்றது, பிள்ளை விளையாடப் போகின்றது. அதன் என்பு மச்சையிற் சிறிதெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினாலும் நோயின் சுவடு தென்படுவதில்லை. அந்நிலையில் மருந்தை நிறுத்திவிட்டால் என்ன நிகழும்? அநேக பிள்ளைகளுக்குச் சில மாதங்களில் அந்நோய் திரும்பி வரும். முன்னர்க் கேட்ட மருந்துக்கு இம்முறை இலகுவில் இணங்காது. ஆகவே, நோயாளியாகவே தோன்றாத ஒரு பிள்ளைக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நோயின் பொருட்டு, இரண்டு ஆண்டுக்கு மேலாக நாள் தவறாமல் மருந்து கொடுத்தல் வேண்டும். இவ்விதியை மருத்துவ உலகம் எவ்வாறு கண்டறிந்தது, அதற்கு எத்தனை குழந்தைகளின் உயிர் விலையாயிற்று என்பதே நேயர்களுக்கு இன்று நாம் கூற எடுத்துக்கொண்ட வரலாறு.

முதலில் நோயின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நன்று. எமது எலும்புகளின் உள்ளே இருக்கும் மச்சையே இரத்தத்தின் விளைநிலம். செங்குழியங்கள், வெண்குழியங்கள், இரத்தத்தை உறையச் செய்யும் சிறுதட்டுகள் யாவும் அங்கேதான் பிறக்கின்றன. வெண்குழியங்களில் ஒரு வகை, முதிர்ச்சி அடையாத இளங்கலமாகவே நின்று, கட்டுப்பாடின்றிப் பெருகத் தொடங்கினால், வயலிற் களை மூடியது போல மச்சை முழுவதும் அதனால் நிறைந்துவிடும். பயிருக்கு இடமில்லை. செங்குழியம் குறைவதால் பிள்ளை வெளிறுகின்றது. சிறுதட்டுக் குறைவதால் இரத்தம் கசிகின்றது. நல்ல வெண்குழியம் குறைவதால் தொற்று நோய்கள் புகுகின்றன. இதனை மருத்துவ நூல்கள் அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லூக்கேமியா என்று வழங்கும். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் முதலிடம் பெறுவது இதுவே. இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையான பருவத்திலேயே இது மிகுதியாகக் காணப்படுகின்றது.

1845ஆம் ஆண்டிலே ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜோன் ஹியூஸ் பெனற் என்பவரும், ஜேர்மனியின் பேர்லின் நகரில் ருடோல்ப் விர்க்கோ என்பவரும், இறந்த நோயாளரின் இரத்தத்திலே வெண்ணிறக் கலங்கள் அளவிறந்து கிடப்பதைத் தனித்தனியே கண்டு எழுதினர். இரத்தமே சீழாகியது என்று பெனற் எண்ணினார். விர்க்கோ அவ்வாறு கருதவில்லை; காரணம் தெரியாத இடத்திலே காரணத்தைக் கற்பியாமல், கண்டதையே பெயராக்கி வெண்குருதி என்றார். 1847இல் அவர் சூட்டிய கிரேக்கப் பெயரே இன்றும் நிலவுகின்றது. அதன்பின் நூறு ஆண்டுகள் கழிந்தன. நோயைப் பெயரிடவும், வகை பிரிக்கவும், சாயமேற்றிப் பார்க்கவும் மருத்துவர்கள் கற்றுக்கொண்டனர். உக்கிரமான வகை கண்ட பிள்ளையைக் காப்பாற்ற மட்டும் எவராலும் இயலவில்லை. கிழமைகளில், அல்லது சில மாதங்களில், முடிவு வந்துவிடும்.

வழி பிறந்த கதை எமக்கு அண்மையிலுள்ள பம்பாயில் தொடங்குகின்றது என்றால் நேயர்கள் வியப்புறக்கூடும். 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி அந்நகருக்கு வந்து, ஆலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளைப் பீடித்த ஒருவகை இரத்தசோகையை ஆராய்ந்தார். மதுவத்தின் சாறாகிய மார்மைட்டை உண்ணக் கொடுத்தபோது அப்பெண்கள் தேறினர் என்று 1931இல் வெளியிட்டார். எங்கள் வீடுகளிலும் பாணிற் பூசி உண்ணும் அதே மார்மைட்தான். அதனுள் இருந்த பொருள் யாதென்று அப்பொழுது தெரியாது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் பசளிக் கீரை இனத்து இலைகளிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினால் அதற்குப் போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் அம்மையாரின் மருந்து அதுவேயாயிற்று.

அந்த அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வேலையை 1945இல் முடித்தது நியூயோர்க் மாகாணத்தின் லெடர்லி ஆய்வுகூடம். அங்கே ஆராய்ச்சியை நடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்திற் பிறந்த தெலுங்கர். சென்னையில் திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும், மாநிலக் கல்லூரியிலும், மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியடிகளின் சொல்லைக் கேட்டுக் கதர்ச் சட்டை அணிந்து சத்திரசிகிச்சை வகுப்புக்குச் சென்றமையால், உயர்ந்த பட்டத்துக்குப் பதிலாகத் தாழ்ந்த பட்டமே பெற்றவர். உடன்பிறந்தாரை ஸ்ப்ரூ என்னும் கழிச்சல் நோய்க்குப் பறிகொடுத்தவர். பிற்காலத்தில் அந்நோய்க்குப் போலிக் அமிலமே மருந்தாயிற்று என்பது அவருடைய வாழ்விலே ஒரு விதி விளையாட்டு.

இனி, பொஸ்டன் நகரம். அங்குள்ள குழந்தைகள் வைத்தியசாலையிலே சிட்னி பாபர் என்பவர் நோய்க்குறியியல் நிபுணராக இருந்தார். இறந்த பிள்ளைகளின் உடலை ஆராய்வதே அவர் தொழில். உயிருள்ள நோயாளரை அவர் அதிகம் கண்டவர் அல்லர். ஒரு வகை இரத்தசோகையைத் தேற்றிய போலிக் அமிலம் வெண்குருதி நோயையும் தேற்றக்கூடும் என்று எண்ணி, அதனைச் சேர்ந்த பொருள்களைச் சில குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகம் கொண்டது போலவே அவருக்குத் தோன்றியது. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். பாபரோ அதனைப் புரட்டிச் சிந்தித்தார். இந்த அமிலம் நோய்க்கலத்துக்கு உணவாகின்றதெனில், அந்த உணவை மறித்தால் என்ன? பூட்டினுள்ளே நுழையும், ஆயினும் திறவாது. நுழைந்த இடத்திலே சிக்கி, மெய்ச்சாவி புகாமலும் தடுத்துவிடும் போலிச் சாவி ஒன்று வேண்டும். அவ்வகைப் போலிகளைச் சுப்பாராவின் கூட்டத்தார் ஏற்கெனவே ஆக்கிக்கொண்டிருந்தனர். அவற்றுள் ஒன்றாகிய அமினொப்டெரினை 1947 டிசெம்பர் மாதக் கடைசியில் பாபர் முதன்முதலாகக் கொடுத்தார்.

1948 யூன் மாதத்தில் வெளிவந்த அவருடைய கட்டுரை 16 குழந்தைகளின் கதையைக் கூறிற்று. அவர்களுள் 10 பேர் தேறினர். வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. இரத்தக் கணக்குச் சீரானது. படுத்திருந்த பிள்ளை எழுந்து நடந்தது. அந்நோய் மருந்துக்குப் பணிந்தது அதுவே முதல் முறை. ஆயினும் பாபர் தம் கட்டுரையிலே இத்தேற்றம் தற்காலிகமானது என்பதை மறைக்கவில்லை. சில மாதங்களில் நோய் மீண்டது, பிள்ளைகள் இறந்தனர். அவ்வைத்தியசாலையிலேயே, இறக்கும் பிள்ளையை அமைதியாக இறக்க விடாமல் ஏன் வருத்துகின்றீர் என்று அவரைக் குறை கூறியவர் பலர். அவர்களை நாம் எளிதிற் பழித்துவிடுதல் ஆகாது. அன்று அவர்கள் கண்ட முடிவு அதுவேயன்றி வேறில்லை. அக்கட்டுரை வெளியாகி இரண்டு மாதத்தில், 1948 ஓகஸ்டில், சுப்பாராவும் தமது 53ஆம் வயதிற் காலமானார்.

பின்வந்த பத்தாண்டுகளில் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அமினொப்டெரினின் இடத்தை அதன் தம்பியாகிய மெதொட்ரெக்சேட் பெற்றது. அதிரீனற் சுரப்பியின் சாரத்தை ஒத்த கோட்டிசோன் இனத்து மருந்துகள் விரைவாக நோயை மறைத்தன. அவ்வளவு விரைவாகவே அது திரும்பியும் வந்தது. 1951இல் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்பவரும் கெர்ட்ரூட் எலியன் என்னும் பெண்மணியும் மெர்கப்டோபியூரின் என்பதை ஆக்கினர். தம் பாட்டனார் புற்றுநோயால் இறந்தமை கண்டு இரசாயனம் படிக்கப் புகுந்த எலியன், பெண் என்பதால் ஆய்வுகூடங்களில் இடம் பெறாது பல ஆண்டு அலைந்தவர். 1988இல் அவ்விருவருக்கும் ஜேம்ஸ் பிளாக் என்பவரோடு நோபல் பரிசு கிடைத்தது. மெர்கப்டோபியூரினைப் பெற்று நோய் மறைந்த பிள்ளைகளும் ஓராண்டளவில் மீண்டும் நோயுற்றனர். அம்மருந்து வெற்றி என்று கொண்டாடப்பட்ட காலத்தில், அப்பிள்ளைகளை எண்ணித் தாம் அடைந்த துயரத்தை எலியன் பிற்காலத்திற் பலமுறை கூறியிருக்கின்றார்.

நான்காவது மருந்து எங்கள் முற்றத்திலிருந்தே எடுத்தது போன்றது. பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் நாம் வழங்கும் செடியை அறியாதார் இலர். வேலியோரத்திலும் மயானத்திலும் நீரின்றிப் பூக்கும் செடி அது, மடகஸ்காருக்கு உரியது, உலகெங்கும் பரவியது. ஜமேய்க்காத் தீவிலே அதன் இலையை அவித்து நீரிழிவுக்குக் குடிப்பார்கள். 1952இல் அத்தீவிலிருந்து கனடாவுக்கு ஒரு பொதி இலை வந்து சேர்ந்தது. ஒன்ராறியோ மாகாணத்தில் றொபேட் நோபிள் என்பவர் அதன் சாற்றை எலிகளுக்குச் செலுத்திச் சீனியின் அளவை நோக்கினார். சீனி குறையவில்லை, எலிகள் தொற்று நோயால் இறந்தன. பார்த்தால் அவற்றின் வெண்குழியங்கள் அற்றுப்போயிருந்தன. நீரிழிவுக்கு உதவாத இலை வெண்குருதி நோய்க்கு உதவும் என்ற எண்ணம் அங்கே உதித்தது. நோபிளும் சாள்ஸ் பியர் என்பவரும் ஒரு மருந்தைப் பிரித்தனர். அமெரிக்காவின் லில்லி நிறுவனத்தார் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினைப் பிரித்தனர். 1963இல் அது பாவனைக்கு வந்தது. ஒன்று கூறவேண்டும்: செடியைக் கண்டவர் சிலர் அதன் இலையைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுக்க எண்ணுவது உண்டு. மலையளவு இலையிலிருந்து மணியளவு மருந்து எடுக்கப்படுகின்றது. ஏனையவற்றில் நஞ்சும் உண்டு. அவ்விலைக் குடிநீர் இந்நோய்க்கு மருந்தாகாது.

இவ்வாறு நான்கு மருந்து கையிலிருந்தும் பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஏன் என்ற வினாவுக்கு விடை அளித்தவை எலிகள். அலபாமா மாகாணத்தின் பேர்மிங்கம் நகரில் ஹவாட் ஸ்கிப்பர் என்பவர் எலிகளின் வெண்குருதி நோயை ஆராய்ந்து, 1960களின் முற்பகுதியில் இரு முடிபுகளைக் கண்டார். நோய்க்கலம் ஒன்றே ஒன்று எஞ்சினும் அது பெருகி எலியைக் கொல்லும் என்பது ஒன்று. மருந்து ஒவ்வொரு முறையும் குறித்த தொகையை அன்று, குறித்த வீதத்தையே கொல்லும் என்பது மற்றொன்று. ஓர் இலட்சம் கலத்தில் நூற்றுக்கு 99ஐக் கொல்லும் மருந்து ஆயிரத்தை விட்டுவைக்கும். மறுமுறை பத்தை விடும். இடையிலே நிறுத்தினால் அவை மீண்டும் இலட்சமாகும். கணக்கு எளியது. ஆனால் அதன் பொருள் பயங்கரமானது. நோய் கண்ட நாளில் ஒரு பிள்ளையின் உடலில் ஏறக்குறைய ஓர் இலட்சம் கோடி நோய்க்கலங்கள் உண்டு. நோய் மறைந்தது என்று மருத்துவர் கூறும் நாளிலே ஆயிரம் கோடி வரை எஞ்சியிருக்கக்கூடும். நுணுக்குக்காட்டியால் அவற்றை வேறுபிரித்துக் காண இயலாது. பாபரின் காலந்தொட்டு மருத்துவர்கள் எதனை வெற்றி என்று எண்ணினரோ அது போரின் தொடக்கம் மாத்திரமே.

இதனை மனத்திற் கொண்டு, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்திலே எமில் பிறை, எமில் பிறைரைக் என்னும் இரு நண்பர்கள் 1962இல் நான்கு மருந்தையும் ஒருங்கே கொடுத்தனர். அதற்கு முன்பே பிறைரைக் வேறொன்று செய்திருந்தார். அவர் வந்த காலத்தில் அப்பிள்ளைகளின் விடுதி இரத்தம் படிந்து கிடந்ததாம். தலையணையில் இரத்தம், மருத்துவரின் வெள்ளங்கியில் இரத்தம். நாட்பட்ட இரத்தத்திலே சிறுதட்டுகள் அழிந்துவிடுகின்றன என்றும், புதிதாக எடுத்த சிறுதட்டுகளை ஏற்றினால் ஒழுக்கு நிற்கும் என்றும் அவர் நிலைநாட்டினார். அவ்வழி இன்றி வன்மையான மருந்து எதனையும் கொடுத்திருக்க இயலாது. இன்று இரத்ததானம் செய்யும் ஒவ்வொருவரும் இந்த வரலாற்றிலே பங்குடையவர் என்பது எம் கருத்து.

நால்வகை மருந்தால் நோய் நெடுநாள் மறைந்திருந்தது. பின்னர் ஒரு நாள் பிள்ளை தலையிடி என்று அழும், வாந்தி எடுக்கும், கண் ஒருபுறம் சாயும். இரத்தத்திலும் மச்சையிலும் நோய் இல்லை. மூளையைச் சூழ்ந்த சவ்விலே இருக்கும். இரத்தத்திலிருந்து மருந்துகள் நன்கு புகாத இடம் அது. அங்கே ஒளித்திருந்த கலங்கள் பெருகிவிட்டன.

இந்த இழைகளை ஒன்றாக முறுக்கியவர் டொனல்ட் பிங்கல். இவர் 1954இல், இராணுவ மருத்துவராக இருந்தபோது, இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்டு உயிர்தப்பி, நடக்க மீண்டும் கற்றுக்கொண்டவர். பொஸ்டனில் பாபரிடம் பயின்றவர். 1962 பெப்ரவரி 4ஆம் திகதி அமெரிக்காவின் தென் மாகாணமாகிய டெனசியின் மெம்பிஸ் நகரில் சென் யூட் குழந்தைகள் ஆராய்ச்சி வைத்தியசாலை திறக்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. லெபனான் வழிவந்த நடிகர் டனி தோமஸ் என்பவர் ஒரு நேர்த்திக்கடனின் பொருட்டு நிதி திரட்டிக் கட்டுவித்த நிலையம் அது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் வெவ்வேறு படுக்கையறை இருந்த அந்நாட்டுப் பகுதியில், அங்கே மட்டும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே விடுதியிற் படுத்தனர். கட்டணம் பெறப்படவில்லை.

பிங்கல் துணிந்து கூறிய சொல், குணப்படுத்துதல் என்பது. அக்காலத்தில் இந்நோயைக் குறித்து அச்சொல்லை மருத்துவர்கள் வாயால் உச்சரியார். ஆயுளைச் சில மாதம் நீட்டுதல் என்பதே வழக்கு. அவர் தம் சிகிச்சையை நான்கு படியாக வகுத்தார். முதலில் நோயை மறையச் செய்தல். அடுத்து மறைந்ததை மேலும் தாக்குதல். மூன்றாவதாக, மூளையிலே நோய் தோன்றுமுன்னரே தலைக்குக் கதிர்ச் சிகிச்சையும் முள்ளந்தண்டின் வழியே மருந்தும் கொடுத்தல். நான்காவது, இரண்டு மூன்று ஆண்டு தொடர்ந்து மருந்துண்ணல். ஒவ்வொரு படியையும் தனித்தனிச் சோதனையால் தீர்மானித்தார். நான்காம் சோதனையிலே, தொடர் மருந்தைச் சில பிள்ளைகளுக்கு முழு அளவிலும், சிலருக்கு அரை அளவிலும் கொடுத்துப் பார்த்தார். அரை அளவு பெற்ற பிள்ளைகள் வருத்தமின்றி இருந்தனர். ஆனால் நோய் அவர்களிடம் விரைவிலே திரும்பியது. முழு அளவு பெற்றவர்கள் தொற்று நோய்களால் இடருற்றனர். எனினும் வெண்குருதி நோய் நெடுநாள் விலகி நின்றது. 1967 முடிவில் தொடங்கிய ஐந்தாம் சோதனையில் 35 பிள்ளைகள் சேர்ந்தனர். அவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேர் நோய் மீளாது வளர்ந்தனர்.

அங்கே எவரும் முன் கண்டிராத ஒரு சங்கடம் எழுந்தது. மருந்தை எப்போது நிறுத்துவது? நிறுத்திய பிள்ளைக்கு என்ன நேரும் என்று கூற முன்னனுபவம் இல்லை. மூன்றாண்டளவில் நிறுத்தினர். பெற்றோருள் மருந்தை நிறுத்த அஞ்சியவரும் இருந்திருப்பர் என்று எண்ணுகின்றோம். இன்றும் அவ்வாறு அஞ்சும் தாய்மார் உளர். பிங்கல் 2022ஆம் ஆண்டு வரை, 95 வயதளவும் வாழ்ந்து, தாம் காப்பாற்றிய பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் கண்டதைத் தாமும் கண்டார்.

பின்னர் வந்த திருத்தங்களை விரைவாகக் கூறிவிடலாம். பேர்லினில் ஹன்ஸ்யோர்க் றீம் 1970களில், நோய் மறைந்த சில மாதத்தில் முதற் சிகிச்சையை மீண்டும் ஒருமுறை வன்மையாக நடத்தும் முறையை வகுத்தார். கினிப் பன்றியின் இரத்தநீரிற் கண்ட அஸ்பராஜினேஸ் மருந்தாயிற்று. தலைக்குக் கொடுத்த கதிர், சில பிள்ளைகளின் கல்வித் திறனையும் வளர்ச்சியையும் பாதித்தமையால் படிப்படியாகக் கைவிடப்பட்டது. முள்ளந்தண்டு வழி மருந்தே அதன் வேலையைச் செய்கின்றது. செல்வ நாடுகளில் இன்று இந்நோய் கண்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 90 பேரளவில் பிழைக்கின்றனர்.

இத்தனை மாற்றத்திலும் மாறாது நின்றது நான்காம் படி. எலியனின் மாத்திரை நாள்தோறும் ஒரு முறை. சுப்பாராவின் கூட்டத்தார் காட்டிய வழியில் வந்த மெதொட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு முறை. முதல் மூன்று படிகளும் பெரும்பாலும் வைத்தியசாலையில் நடப்பவை. நான்காவது வீட்டிலே, அடுப்படியிலே, பாடசாலைக்குப் போய்வந்த பிள்ளையின் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது. அதனை நடத்துபவர் தாயும் தந்தையும். இதிலே ஒரு நுட்பம் உண்டு. மருந்து போதுமா என்பதை மருத்துவர் இரத்தக் கணக்கைக் கொண்டு அறிவார். வெண்குழியங்கள் ஓரளவு தாழ்ந்திருத்தல் வேண்டும், மிகத் தாழ்ந்தால் மருந்தைக் குறைப்பர், உயர்ந்தால் கூட்டுவர். பிள்ளை நன்றாகத்தானே இருக்கின்றது, ஏன் மருந்தைக் கூட்டுகின்றீர்கள் என்று பெற்றோர் கேட்பது இயல்பு. ஒரே அளவு மாத்திரை எல்லார்க்கும் ஒவ்வாது. சிலருடைய உடலில் அதனைச் சிதைக்கும் நொதியம் பிறவியிலேயே குறைவு என்பது 1980களில் தெளிவாயிற்று. 2015ஆம் ஆண்டளவில், ஆசிய மக்களிடையே அதிகமாகக் காணப்படும் வேறொரு பரம்பரை வேறுபாடும் அறியப்பட்டது. அவ்வேறுபாடு உடைய பிள்ளைக்கு வழக்கமான அளவே நஞ்சாகிவிடும். ஆகவே அயல் வீட்டுப் பிள்ளையின் அளவோடு தம் பிள்ளையின் அளவை ஒப்பிடுதல் பயனற்றது.

காய்ச்சல் இக்காலத்தில் தனிக் கவனத்துக்கு உரியது. வேறு பிள்ளைக்குப் பனடோலோடு போகும் காய்ச்சல், இப்பிள்ளைக்குச் சில மணி நேரத்தில் உயிராபத்து ஆகலாம். இரவென்றும் மழையென்றும் பாராமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். 1960களிலும் 70களிலும், வெண்குருதி நோய் முற்றாக மறைந்திருந்த பிள்ளைகளைச் சின்னமுத்தும் கொப்புளிப்பானும் நுரையீரற் கிருமிகளும் கொண்டுபோயின. மெம்பிஸ் நகரில் வோல்ட்டர் ஹியூஸ் என்பவர், மலிவான இருமருந்துக் கலவை ஒன்றை முன்கூட்டியே கொடுத்து ஒருவகை நுரையீரல் அழற்சியைத் தடுக்கலாம் என்று 1977இல் காட்டினார். அம்மாத்திரை இன்றும் இப்பிள்ளைகளின் மருந்துப் பெட்டியில் உண்டு.

பிள்ளைக்கு உண்மையைச் சொல்வதா என்ற வினாவும் இந்த வரலாற்றில் ஒரு பகுதியே. நீண்ட காலம் மறைப்பதே அன்பு என்று கருதப்பட்டது. 1965இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த வேர்ணிக், கரோன் என்னும் இருவர், ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நோயின் பெயரைச் சொல்லிவிட்டதாகவும், அதனால் அவர்கள் ஆறுதலே அடைந்தனர் என்றும் எழுதினர். பின்னர் மைரா புளூபொண்ட்-லாங்கனர் என்னும் மானிடவியலாளர் இந்நோய்ச் சிறுவரின் விடுதியிலே மாதக்கணக்கில் உடனிருந்து, 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். மூன்று வயதிலிருந்து ஒன்பது வயது வரையான பிள்ளைகள் யாவற்றையும் அறிந்திருந்தனர். மருந்துகளின் பெயரையும், அடுத்த கட்டிலில் இருந்த பிள்ளை எங்கே போயிற்று என்பதையும் அறிந்தனர். பெற்றோர் வருந்துவர் என்று அறியாதவர் போல் நடித்தவர்கள் பிள்ளைகளே. எங்கள் வீடுகளிலும் இந்த நாடகம் நடைபெறுகின்றது. ஆண்டுக்கணக்கில் மாத்திரை உண்ணவேண்டிய பிள்ளைக்கு அதன் காரணம் தெரியாதிருப்பதே பெரிய இடையூறு என்பது எம் எண்ணம்.

பிரேசில் நாட்டின் வறிய வடகிழக்குப் பகுதியிலே றெசிபே என்னும் நகரம் உண்டு. 1980களில் அங்கே இந்நோய் கண்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 32 பேரே ஐந்தாண்டு நோய் மீளாது வாழ்ந்தனர். நூற்றுக்கு 16 பிள்ளைகளின் சிகிச்சை இடையிலே கைவிடப்பட்டது. பேருந்துக்குப் பணமில்லை, வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் உலை வையாது, பிள்ளையும் தேறிவிட்டதாகத் தோன்றியது. மெம்பிஸ் வைத்தியசாலையின் துணையுடன் அங்கே புற்றுநோய்ப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு அமைந்தது. மருத்துவமும் தாதிப் பயிற்சியும் சீர்பெற்றன. அத்துடன், குடும்பத்தார் தங்க வீடும், பயணச் செலவும், உணவும், வராத பிள்ளையைத் தேடிச் செல்லும் சமூக ஊழியரும் ஏற்படுத்தப்பட்டனர். 1990களின் முடிவில் தொடங்கிய காலப்பகுதியில் கைவிடப்பட்டோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைந்தனர். ஐந்தாண்டு நோயின்றி வாழ்ந்தோர் 63 ஆயினர். எங்கள் நாட்டிலே இப்பிள்ளைகளுக்கான முதன்மையான நிலையம் மகரகமையில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலை. கிளிநொச்சியிலோ மட்டக்களப்பிலோ இருந்து ஒரு தாய், வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளை விட்டு, எத்தனை முறை அவ்விடம் போய்வருவாள் என்பதை எண்ணினால் றெசிபேயின் கணக்கு எமக்கும் விளங்கும். மருந்து இலவசமாயிருந்தாலும் பேருந்து இலவசம் அன்று.

வசதியுள்ள நாடுகளிலும் மாத்திரை தவறுகின்றது. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியிலே, மருந்துப் போத்தலின் மூடியில் சிறு மின்கருவி பொருத்தி, அது திறக்கப்பட்ட ஒவ்வொரு நாளையும் பதிவு செய்தனர். நூற்றுக்கு 95 நாளிலும் குறைவாக மருந்துண்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் இரு மடங்குக்கு மேற்பட்டிருந்தது. மாதத்தில் இரண்டு நாள் மறதி என்பது அவ்வளவே. இதனைப் பெற்றோரை வெருட்டுவதற்குக் கூறவில்லை. தவறிய நாளை ஒளியாது மருத்துவரிடம் கூறினால், அவர் இரத்தக் கணக்கின் பொருளைச் சரிவர அறிவார். மறைத்தால் வேறு காரணம் தேடி மருந்தின் அளவை மாற்றுவார்.

இன்று பத்தாயிரம் கலத்தில் ஒரு நோய்க்கலம் இருப்பினும் கண்டறியும் சோதனைகள் உள. நோயாளியின் வெண்குழியத்தையே வெளியே எடுத்து, நோய்க்கலத்தைத் தாக்கப் பயிற்றி, மீண்டும் உட்செலுத்தும் சிகிச்சை 2012இல் முதன்முதலாக ஒரு பிள்ளைக்கு அளிக்கப்பட்டு 2017இல் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் புதிதாக நோயுற்ற பிள்ளைகளுக்கு நான்காம் படியை விலக்கிவிட எவரும் துணியவில்லை. யப்பானிலே தோக்கியோ மருத்துவர்கள் 1990களின் முற்பகுதியில் அதனைச் சுருக்கிப் பார்த்தனர். வன்மையான தொடக்கச் சிகிச்சையின் பின், தொடர் மருந்தை ஆறு மாதமாகக் குறைத்து, எல்லாவற்றையும் ஓராண்டில் முடித்தனர். நோய் திரும்பிய பிள்ளைகள் அதிகரித்தனர். சோதனை தோல்வி என்றே கொள்ளப்பட்டது. பல ஆண்டு கழித்து அக்கணக்கை மீண்டும் ஆராய்ந்தபோது, அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் அந்த ஓராண்டு மருந்தோடே குணமடைந்திருந்தமை தெரியவந்தது. சில பரம்பரைக் குறிகளை உடைய பிள்ளைகளே அவ்வாறு தேறியோரில் மிகுதி. அவ்வாறாயின், இன்று நீண்ட காலம் மாத்திரை உண்ணும் பிள்ளைகளிற் பலருக்கு அத்தனை காலம் தேவையில்லாதிருக்கலாம். அவர்கள் எவர் எவர் என்று தொடக்கத்திலேயே ஐயமறப் பிரித்துக் கூறும் சோதனை இன்னும் கைகூடவில்லை. அதுவரை எல்லாப் பிள்ளைகளும் கடைசி மாத்திரை வரை உண்கின்றனர்.